குலுங்காமல் இறங்க: நம் மலை வண்டியின் ஷாக் அப்சார்பர்கள்



சென்ற இதழின் வரவு செலவுக் கணக்கில், "மலை வண்டி: ஷாக் அப்சார்பர், புஷ், பட்டை வேலை" என்று ஒரு வரி இருந்தது. அதைக் கவனித்துச் சிலர் கடிதம் எழுதியிருந்தீர்கள். "மருந்துக்கும் கட்டிலுக்கும் என்று நாங்கள் அனுப்புகிற காணிக்கை வண்டிச் சொகுசுக்குப் போகிறதா?" என்று ஒரு மூத்த தாயார் நேராகவே கேட்டிருந்தார்கள். அப்படிக் கேட்பது நல்லது. கேள்வி கேட்கிறவர்கள்தான் கடைசிவரை கூட நிற்கிறவர்கள் என்பதை இத்தனை வருட ஊழியத்தில் கண்டிருக்கிறோம். ஆகவே அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்பதை இந்த இதழில் விவரமாக எழுதுகிறோம். அதற்கு முன் நாங்கள் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எரிகோ பாதையும் போடிமெட்டுப் பாதையும்

போடிநாயக்கனூருக்கு ஒரு முறையாவது வந்தவர்களுக்கு அந்த மலை மறந்திருக்காது. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு ஏறக்குறைய 1,370 மீட்டர். முந்தல் தாண்டியதும் பாதை ஏறத் தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள். முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஆயிரம் மீட்டர் ஏறிவிடுகிறோம்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற பாதையும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். அதுவும் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஆயிரம் மீட்டர் இறங்குகிறது. நல்ல சமாரியன் உவமையை வைத்து நாங்கள் எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறோம். எண்ணெயைப் பற்றிப் பேசினோம், திராட்சரசத்தைப் பற்றிப் பேசினோம், சத்திரக்காரனுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றியும் பேசினோம். அடிபட்ட மனிதனை ஏற்றிச் சென்ற அந்த விலங்கு எப்படி நடந்தது, ஒவ்வொரு கல்லிலும் அது கால் வைத்தபோது அவனுக்கு எப்படி வலித்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது இந்த மலைதான்.

விடியும் முன்பே போடியில் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். தூக்குச்சட்டியில் சோறும் இடுப்பில் சுற்றிய சாக்குமாகப் பெண்கள் ஏறுவார்கள். மாநில எல்லையைத் தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் பழம் எடுத்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் திரும்புவார்கள். தோட்டத்திலேயே லயங்களில் தங்கி வேலை செய்கிற குடும்பங்களும் உண்டு. போடியின் ஏல மையத்துக்கு வந்து சேரும் ஒவ்வொரு மூட்டை ஏலக்காயும் ஏதோ ஒரு கரடுமுரடான பாதையில் குலுங்கி வந்ததுதான்.

பெரிய சாலை இப்போது பரவாயில்லை. மூணாறுக்கும் போடிமெட்டுக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 85 அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. தொல்லை எல்லாம் அந்தச் சாலையிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் இறங்கும் வழிகளில்தான். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். ஆகவே பாதைகள் மரங்களுக்குள் ஒளிந்து, வருடத்தில் பாதி நாள் நனைந்தே கிடக்கும். மண் கரைந்து போக, பாறை மட்டும் பல் இளித்துக்கொண்டு நிற்கும். கொழுக்குமலைக்குப் போனவர்கள் இதை அறிவார்கள். அந்தத் தேயிலைத் தோட்டம் நம் போடி தாலுகாவில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லிக்குச் சுற்றிப் போய், அங்கிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். வேறு வண்டி அந்தப் பாதையில் போகாது.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆனால் ஆம்புலன்ஸ் பெரிய சாலை வரைதான் வர முடியும். லயத்திலிருந்து சாலைக்கு வருகிற அந்தச் சில கிலோமீட்டருக்கு நம் இரட்டை கேபின் பிக்கப் வண்டிதான் உதவுகிறது. பின்னால் தொட்டியில் மருந்துப் பெட்டிகள், மடக்குக் கட்டில், எடை பார்க்கும் கருவி. உள்ளே பின் இருக்கையில் செவிலியர்கள். தேவைப்பட்டால் அந்த இருக்கையே நோயாளிக்குப் படுக்கையாகிவிடும்.

"நான் நடந்தே வந்திருறேன்"

ஒரு மே மாதம். மழைக்கு முன்னே நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுவது தோட்டங்களில் வழக்கம். அப்படிக் கிளை வெட்ட ஏறியவர் ஒருவர் தவறி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. அன்று நம் குழு பக்கத்து லயத்தில்தான் இருந்தது. செவிலியர் மட்டை வைத்துக் கட்டினார்கள். பின் இருக்கையில் மெத்தை விரித்துக் கிடத்தினோம். தலைமாட்டில் நாங்கள் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டோம்.

தொடை எலும்பு முறிந்தால் சுற்றியுள்ள தசை அதை இழுக்கும். முறிந்த முனைகள் கூர்மையாக இருக்கும். வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் அந்த முனைகள் சதைக்குள் அசையும். வலி மட்டும் அல்ல, இரத்தக் குழாய் கிழிந்துவிடுமோ என்ற பயமும் உண்டு. மட்டை வைத்துக் கட்டுவதே அந்த அசைவை நிறுத்தத்தான். ஆனால் மட்டையோடு சேர்த்து மனிதனையே வண்டி தூக்கிப் போட்டால் என்ன செய்வது?

அவர் முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் எங்கள் கையை இறுகப் பற்றி, "வண்டிய நிறுத்துங்கய்யா, நான் நடந்தே வந்திருறேன்" என்றார். தொடை முறிந்த மனிதர் சொன்ன வார்த்தை அது. ஓட்டுநர் தம்பி வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு நடைவேகத்திலேயே ஓட்டி, ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்குக் கொண்டு சேர்த்தோம். அவர் பிழைத்தார், கால் சேர்ந்தது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் அந்த வார்த்தை எங்களை விடவில்லை.

நாங்கள் செய்த தவறு

வண்டி தூக்கிப் போடுகிறது, ஆகவே அதற்குப் பலம் போதவில்லை என்று நாங்கள் நினைத்தோம். ஒரு பட்டறையிலும் அப்படியே சொன்னார்கள். "பின்னாலே ஒரு பட்டை சேர்த்துப் போட்டா கல்லுமாதிரி நிக்கும்" என்றார்கள். போட்டோம். கல்லுமாதிரியே நின்றது. அடுத்த முறை மலைக்குப் போய் வந்த செவிலியர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மருந்துப் பெட்டியில் இரண்டு பாட்டில் உடைந்திருந்தது. நல்லெண்ணத்தோடு செலவு செய்து வண்டியை முன்பைவிட மோசமாக்கியிருந்தோம். அந்தப் பட்டைக்குக் கொடுத்த பணம் வீண் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அதன் பிறகுதான் மலை ஜீப்புகளுக்கே வேலை பார்த்துப் பழகிய போடியின் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் போனோம். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, துணியில் கையைத் துடைத்தபடி அவர் சொன்னார்: "ஐயா, தாங்குறது பட்டை. அடக்குறதுதான் ஷாக்கு. நீங்க அடக்குறதுக்குப் பதிலா தாங்குறதைக் கூட்டிட்டீங்க."

அவர் அப்படிச் சொன்னதற்குள் முழுப் பாடமும் இருக்கிறது. அதை விரித்துச் சொல்கிறோம்.

தாங்குவது எது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பாரம் ஏற்றும் வண்டிகளில் பின்புறம் அது எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வில்போல வளைத்த பட்டை ஸ்பிரிங். இது நம் முன்னோருக்குப் புதிதல்ல. வசதியான குடும்பங்கள் வைத்திருந்த வில்வண்டிக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த வில்லால்தான். சாதாரணக் கட்டை வண்டியில் அச்சின்மேல் நேரே பலகை உட்காரும். சக்கரம் ஏறிய கல் முதுகெலும்பில் தெரியும். வில்வண்டியில் நடுவே வில் இருந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும்.

நோயாளிக்காக இந்த வில்லைப் பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர் நெப்போலியனின் படையில் இருந்த டொமினிக் லாரே என்ற அறுவை மருத்துவர். 1790-களில் அவர் போர்க்களத்துக்கென்று 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்ற இலகுவான குதிரை வண்டிகளை அமைத்தார். காயப்பட்டவர்கள் படுக்கும் பெட்டியை ஸ்பிரிங்கின்மேல் பொருத்தினார். அடிபட்டவனைச் சீக்கிரம் கொண்டுவந்தால் போதாது, குலுக்காமல் கொண்டுவர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் ஸ்பிரிங்கிடம் ஒரு குணம் உண்டு. வாங்கிய அடியை அது வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். கல்லில் ஏறி அமுங்கிய பட்டை உடனே நிமிர்ந்து வண்டியை மேலே தள்ளும். மேலே போனது கீழே வரும், மறுபடி தள்ளும். ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டால் தானாகவே ஆடிக்கொண்டிருப்பதுபோலத்தான்.

இதோடு எடைக் கணக்கும் சேருகிறது. பிக்கப் வண்டியின் பின்பட்டை ஒரு டன்னுக்கும் மேலான பாரத்துக்கென்று செய்யப்பட்டது. நம் வண்டியிலோ சில பெட்டிகளும் நாலைந்து ஆட்களும்தான். பாரம் குறைந்த ஸ்பிரிங் வேகமாகவும் வெடுக்கென்றும் ஆடும். ஸ்பிரிங்கின்மேல் நிற்கும் எடை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் ஆட்டத்தின் வேகம் இரண்டு மடங்காகும். ஒரு பட்டை கூட்டினால் விறைப்பு இன்னும் ஏறும். சமமான ஐந்து பட்டை இருந்த இடத்தில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். நாங்கள் செய்தது அதுதான்.

உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. வினாடிக்கு ஒரு முறை, ஒன்றரை முறை மெதுவாக ஏறி இறங்கினால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். அது நடையின் தாளத்துக்கு அருகில் இருக்கிறது. வினாடிக்கு 4 முதல் 8 முறை வருகிற அதிர்வைத்தான் உடம்பு மிகவும் கடுமையாக உணர்கிறது. விறைத்த வண்டியின் குலுக்கல் அந்தப் பக்கமாக நகர்வதால்தான் வயிறு கலங்குகிறது, இடுப்பு வலிக்கிறது.

அடக்குவது எது?

திரும்பித் தள்ளுகிற ஸ்பிரிங்கை அமைதிப்படுத்துவதே ஷாக் அப்சார்பரின் வேலை. அது வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. பலரும் அதுதான் தாங்குகிறது என்று நினைக்கிறோம். எங்களுக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது.

அதன் உட்புறத்தை விளக்க நம் மருத்துவமனையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். சிரிஞ்சில் மருந்தை நிரப்பி மெல்லிய ஊசியைப் பொருத்தி அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் இலகுவாகப் போகும். வேகமாக அழுத்தினால் விரல் நோகும். துளை சிறிது, திரவம் சட்டென்று போக முடியாது. ஷாக் அப்சார்பரும் எண்ணெய் நிரப்பிய ஒரு குழாய்தான். உள்ளே பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகளும் மெல்லிய வால்வுகளும். பட்டை அமுங்கும்போதும் நிமிரும்போதும் பிஸ்டன் எண்ணெய்க்குள் போய் வர வேண்டும். எவ்வளவு வேகமாக அசைக்கப் பார்க்கிறோமோ அவ்வளவு அதிகமாக அது எதிர்க்கும். ஆடுகிற வண்டியின் சக்தி எண்ணெயில் சூடாக மாறிக் காற்றில் போய்விடும். ஆகவே கல்லில் ஏறிய வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்து அடங்கிவிடும்.

அந்தச் சூடே அதற்கு எதிரியும் ஆகிறது. நெடுஞ்சாலையில் எப்போதோ ஒரு பள்ளம். தோட்டப் பாதையிலோ நிமிடத்துக்கு எத்தனை கல்! எண்ணெய் சூடேறி இளகும். உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைக்குள் பிஸ்டன் தடையில்லாமல் ஓடும். புறப்படும்போது நன்றாக இருந்த வண்டி அரை மணி நேரம் கழித்துத் துள்ளத் தொடங்குவது இதனால்தான். இதற்குப் பரிகாரமாக வந்ததே வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர். நைட்ரஜன் வாயுவின் அழுத்தம் எண்ணெயை நுரைக்க விடாது.

தேவதூதனின் பெயர்

இந்தக் கருவி ஒரே நாளில் வந்ததல்ல. தொடக்கத்தில் இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று உரசவிட்டு ஆட்டத்தைக் குறைத்தார்கள். பிறகு பிரான்ஸில் மோரிஸ் ஹூடாய் எண்ணெயைப் பயன்படுத்தினார். 1928 மாடல் ஃபோர்டு 'ஏ' கார்களில் அவர் பெயர் கொண்ட கருவிகள் இருந்தன. எண்ணெயோடு வாயுவைச் சேர்க்கும் வழியை பிரான்ஸின் டி கார்பன் கண்டார். ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1950-களில் அதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது.

சபையார் ரசிக்கக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் கிளாட் ஃபாஸ்டர் என்பவர் முதலில் கார்களுக்கு ஊதுகுழல் செய்தார். அதற்குக் காபிரியேல் என்று பெயர் வைத்தார். பிறகு அதே பெயரில் வண்டித் துள்ளலைக் குறைக்கும் கருவியைச் செய்து பெரும் செல்வரானார். 1952-இல் தன் செல்வத்தின் பெரும்பகுதியைக் கல்வி நிலையங்களுக்கும் தரும நிலையங்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். காபிரியேல் என்ற அந்தப் பெயர் 1961-இல் நம் நாட்டுக்கும் வந்தது. அந்தப் பெயர் கொண்ட இந்திய நிறுவனத்துக்கு நம் ஓசூரிலும் தொழிற்சாலை உண்டு. நம் சபையார் வீட்டு இருசக்கர வண்டியில்கூட அந்தப் பெயர் இருக்கக்கூடும், குனிந்து பாருங்கள்.

என்ன செய்தோம், எந்த வரிசையில்

புதிய ஷாக் வாங்கி மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். மெக்கானிக் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். அவர் செய்த வரிசை இது.

முதலில், சேர்த்த பட்டையைக் கழற்றினார். பட்டைகளைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி மறுபடி அடுக்கினார். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் வில் வளையும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் அது கம்பிக்கட்டு ஆகிவிடும். தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றினார். புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் தன் எடையோடு நின்ற பிறகே இறுக்கினார். தூக்கி வைத்தபடி இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியுமாம்.

இரண்டாவது, காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் பாரத்துக்கு ஓர் அளவும் குறைந்த எடைக்கு ஓர் அளவும் போட்டிருந்தது. நாங்கள் எப்போதும் முழுப் பாரத்துக்கான அளவையே அடித்துக்கொண்டிருந்தோம். அட்டையில் உள்ள குறைந்த அளவுக்கு இறக்கினோம். அதற்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. இந்த வேலைக்குச் செலவு ஒன்றும் இல்லை, பலனோ உடனே தெரிந்தது.

மூன்றாவது, இடம். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பயணம் செய்த யாருக்கும் இது புரியும். பின் அச்சுக்கு அப்பால் இருப்பவரைத்தான் வண்டி அதிகம் தூக்கிப் போடும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவு. கனமான பெட்டிகளைத் தொட்டியின் கடைசியிலிருந்து எடுத்துக் கேபினை ஒட்டித் தாழ்வாக வைத்துக் கட்டினோம்.

நான்காவதாகத்தான் ஷாக் அப்சார்பருக்கு வந்தார். கரடுமுரடான பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நான்கையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முதலில் விரல் நுனியால் மட்டும், சுட்டுவிடும். இரண்டு சூடாக இருந்தன. பின்னால் இரண்டும் ஜில்லென்று இருந்தன. "சூடு இல்லேன்னா வேலை பார்க்கலேன்னு அர்த்தம்" என்றார். அவற்றின் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. டயரும் அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தது. எத்தனை மாதமாக அப்படி ஓட்டினோமோ!

வாயு ஷாக்கிலும் இரண்டு வகை உண்டு. ஒரே குழாய் உள்ளது நன்றாகக் குளிரும். ஆனால் அதன் வெளிச்சுவரே பிஸ்டன் ஓடும் சுவர். கல் பட்டு நெளிந்தால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். இரட்டைக் குழாய் வகையில் வெளிக்குழாய் நெளிந்தாலும் உள்குழாய் தப்பிக்க வழி உண்டு. கல் தெறிக்கும் பாதை என்பதால் விலை குறைந்த இரட்டைக் குழாய் வகையையே வாங்கினோம். வண்டித் தயாரிப்பாளர் குறித்த நீளமும் அளவும் மாறாமல் பார்த்துக்கொண்டோம். ஒன்று போனாலும் இரண்டாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வளைவில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பொருத்தும் முன் புதிய ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டு முறை நீட்டி அழுத்தினார். படுக்க வைத்திருந்ததில் உள்ளே சேர்ந்த காற்று அப்படித்தான் மேலே போகுமாம்.

வண்டியை உயர்த்தினால் கல் தட்டாது என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். அதைச் செய்யவில்லை. தயாரிப்பாளர் அமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உயர்ந்த வண்டி வளைவில் சாயும் என்பதும் உண்மை. 17 வளைவுகளில் அந்த ஆபத்து நமக்கு வேண்டாம்.

ஒரு சொம்புத் தண்ணீர்

பலன் உண்டா இல்லையா என்பதை எப்படி அறிவது? மெக்கானிக் தன் பட்டறையிலிருந்து ஒரு சொம்பை எடுத்து, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, பின் இருக்கையின் காலடியில் வைத்தார். வேலைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, அதே பாதையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். முதல் முறை பாதிக்கு மேல் சிந்தி மிதியடி நனைந்துவிட்டது. இரண்டாம் முறை கொஞ்சம் சிந்தியது. மாயம் ஒன்றும் நடக்கவில்லை. பாறை பாறையாகவே இருக்கிறது. ஆனால் வண்டி ஒரு கல்லுக்கு ஒரு முறைதான் அசைகிறது. முன்பு ஒரு கல்லுக்கு நான்கு முறை அசையும்.

ஓட்டுநர் தம்பி இன்னொன்றையும் சொன்னார். முன்பெல்லாம் வளைவுக்கு முன் பிரேக் அழுத்தும்போது பின்சக்கரம் துள்ளித் தரையை விட்டுவிடுமாம்; இப்போது பிடிக்கிறதாம். துள்ளும் சக்கரத்துக்குத் தரையில் பிடி கிடையாது, பிடி இல்லாவிட்டால் பிரேக்கும் இல்லை. சொகுசு என்று நினைத்தது உயிர்ப் பாதுகாப்பாகவும் இருந்தது.

உங்கள் வண்டிக்கும்

சபை வேனோ, ஊழிய ஜீப்போ, வீட்டு வண்டியோ வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக்கைப் பாருங்கள்.

2. ஷாக்கின் தண்டில் எண்ணெய் கசிவும், டயரில் குழிகுழியான தேய்மானமும் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

3. பட்டையைக் கூட்டும் முன் எடையைக் கணக்கிடுங்கள். எப்போதும் முழுப் பாரம் ஏற்றும் வண்டிக்கு அது தேவைப்படலாம். ஆள் ஏற்றும் வண்டிக்கு அது தண்டனை.

4. காற்று, புஷ், கிரீஸ் ஆகிய மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

5. எந்த ஷாக் அப்சார்பரையும்விட நல்லது மெதுவாகப் போவது. நோயாளி உள்ளே இருந்தால் இரட்டிப்பு மெதுவாக.

கடிதம் எழுதிய தாயாருக்கு இப்போது பதில் சொல்லுகிறோம். அம்மா, உங்கள் காணிக்கை சொகுசுக்குப் போகவில்லை. எங்கள் அறியாமைக்கு அதில் ஒரு சிறு பங்கு போனது உண்மை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம். மீதி, முறிந்த எலும்போடும் நிறைமாத வயிற்றோடும் அந்தக் கற்பாதையில் வருகிறவர்களின் உடம்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சென்ற மாதம் அதே லயத்துக்குப் போயிருந்தோம். மரத்திலிருந்து விழுந்தவர் சற்றே விந்தி நடந்து வந்தார். காயப் போட்டிருந்த ஏலக்காயில் ஒரு பிடி எடுத்துச் செவிலியர் கையில் கொடுத்தார். அவருடைய மனைவிக்கு அன்று நல்ல காய்ச்சல், வண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். அவரும் கூட வந்தார். முன்பு வண்டியை நிறுத்திய அந்த இடம் வந்ததும் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்து, தன் வழியே போனது. சற்று நேரம் கழித்துக் கையை எடுத்தார். "அம்மா தூங்கிட்டாங்கய்யா" என்றார் செவிலியர்.

உங்கள் ஜெபங்களில் இந்த மலைப்பாதைகளையும், அதில் தினமும் ஏறி இறங்கும் ஜீப் தொழிலாளர்களையும், நம் ஓட்டுநர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வி இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

கர்த்தருடைய பணியில் உங்கள்,
மருத்துவமனைச் சிற்றாலய ஆயரும் உடன் ஊழியரும்